சம்மாட்டியார் சொன்ன இலக்கம்

நான் வேலை செய்த கடல் ஆய்வு நிலையத்தின் பழைய அறிக்கை ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறது: "அரிப்பு ஊரின் கடலடிப் படங்களை மறைக்கப் பயன்படுத்திய முறை தசமப் பிழையினால் தோல்வியடைந்தது. படங்கள் மீட்க முடியாதபடி இழக்கப்பட்டன." என் பெயர் அதில் இல்லை. தேவையும் இல்லை. மன்னாரில் இருந்த அந்தச் சின்ன நிலையத்தில் படங்களைப் பூட்டிய ஆள் நான் ஒருத்திதான் என்று வாசல் கேற்றடியில் படுத்திருக்கும் கழுதைக்கும் தெரியும்.

இப்போது என் கதிரையில் இருப்பவள் நிரோஷினி. நிலையம் புது முறைக்கு மாறுகிறதாம், பழைய கோப்புகளை எல்லாம் பார்த்து ஒதுக்குகிறாளாம். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்கட புரோகிராமை முழுக்க வாசிச்சுப் போட்டன். ஒரு இடத்திலயும் தசமம் இல்லை. எல்லாம் முழு எண். பிறகு தசமப் பிழை எங்கால வந்தது?"

கெட்டிக்காரி. இத்தனை வருசத்தில் அந்த அறிக்கையில் கையெழுத்து வைத்த ஒருவருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விசயமில்லை என்பதால் எழுதுகிறேன். என் ஓய்வூதியத்தில் கைவைக்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாராளமாக வைக்கலாம்.

நான் வங்காலைக்காரி. அப்பா மரியாம்பிள்ளை கடற்றொழிலாளி. கணிதம் ஓடியதால் கம்பஸ் போனேன். கடைசி வருசத்தில் கேயாஸ் கணக்கைக் கொண்டு படங்களை மறைப்பது பற்றி ஆய்வு செய்தேன். என் பேராசிரியர் வாசித்துவிட்டு, "வடிவான கணக்கு, உதவாத பூட்டு" என்றார். இன்றைக்கும் படித்தவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். உலகம் ஒப்புக்கொண்ட தரமான பூட்டுகள் இருக்க இது எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். பிறகு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, நிலையத்தில் தரவு உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். அதற்கு இடையில் நடந்தது எல்லா வீடுகளிலும் நடந்ததுதான்.

கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு எண்ணை எடுங்கள். ஒன்றிலிருந்து அதைக் கழியுங்கள். எடுத்த எண்ணையும் கழித்து வந்ததையும் பெருக்குங்கள். அதை நாலுக்குக் கிட்டிய ஒரு எண்ணால் திரும்பப் பெருக்குங்கள். வந்த விடையை எடுத்து அதே கணக்கை மறுபடியும் செய்யுங்கள், செய்துகொண்டே இருங்கள். விடைகள் அங்கும் இங்கும் பாயும். அடுத்தது எங்கே விழும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே எண்ணில் தொடங்கினால் அதே பாய்ச்சல், அச்சுப் பிசகாமல் வரும். ஒரு படம் என்பது இலட்சக்கணக்கான புள்ளிகள். அந்தப் பாய்ச்சலின்படி ஒவ்வொரு புள்ளியையும் இடம் மாற்றி, நிறத்தையும் மாற்றிவிட்டால் படம் வெறும் சாம்பல் தூள். தொடங்கிய எண் தெரிந்தவர் அதே வழியில் திரும்பி வந்து படத்தை எடுப்பார். தமிழில் இதை ஒழுங்கின்மை என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தியில்லை. ஒழுங்கு இருக்கிறது, அது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தசமப் பிழை உண்மையாகவே ஒரு தடவை வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் நான், திருத்தியதும் நான். நாங்கள் பூட்டி அனுப்பிய முருகைக்கல், அதாவது பவளப்பாறைப் படங்கள் கொழும்புக் கந்தோரில் திறக்கவில்லை. சரியான எண்ணைப் போட்டும் தூள்தான் வந்தது. அங்கிருந்த தொழில்நுட்பக்காரரும் நானும் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கணினிகளும் போடுகிற கணக்கை வரி வரியாக வாசித்துப் பார்த்தோம். முதல் விடை ஒன்று. அடுத்ததும் ஒன்று. பிறகு ஒரு விடையில் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சும்மா சின்னது மிஸ், விட்டுட்டுப் போவம்" என்றார். "வாசியுங்கோ" என்றேன். போகப் போக வித்தியாசம் வளர்ந்து, கொஞ்ச வரிகளுக்குப் பிறகு இரண்டு கணினிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருடைய கணினி தசமத்துக்குப் பின்னால் எங்களுடையதைவிடக் கூடுதலான இலக்கங்களை வைத்திருந்தது. மற்றக் கணக்குகளில் ஒருவரும் கவனிக்காத அந்த நூலளவு வித்தியாசம் இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. நான் தசமத்தையே தூக்கி எறிந்துவிட்டு, முழுவதையும் முழு எண்ணில் திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகு எந்தக் கணினியிலும் அது பிழை விடவில்லை. நிரோஷினி வாசித்தது அந்தப் புரோகிராமைத்தான்.

எங்கள் பணிப்பாளருக்கு இந்தக் கதையில் "தசமப் பிழை" என்ற சொல் மட்டும் பிடித்துப்போயிற்று. கூட்டங்களில் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லுவார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போடாத மனுசன். ஒருவரிடம் ஏதாவது கேட்கப்போகிறார் என்றால், முதலில் மேசையில் அந்த ஆளுக்கு வைத்த பிளேன்ரீக் கோப்பையை அந்த ஆள் பக்கமாக மெல்லத் தள்ளுவார். பிறகு கண்ணாடியைக் கழற்றுவார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைத்தானே?" என்று முடிப்பார். கட்டளை என்று ஒன்று அவர் வாயில் வந்ததே கிடையாது. கோப்பை நகர்ந்தால் கேட்டது நடந்தாக வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் அரிப்புக்கு அப்பால் உள்ள பார்களைப் படமெடுக்கும் வேலை வந்தது. பார் என்றால் கடலடியில் கல்லும் முருகையும் திரண்டு மீன் கூடுகிற மேடு. எங்கே எந்தப் பார் என்பது அந்தந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஊராரைக் கூட்டிக் கேட்டோம். முன்வரிசையில் சந்தியோகு சம்மாட்டியார் இருந்தார். சொந்தமாக வள்ளங்களும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களைச் சம்மாட்டி என்போம். அவர் சொன்னால் அரிப்பில் பாதிப்பேர் கேட்பார்கள்.

"உங்கட கமரா இறங்கினா, நாளைக்கு எங்கட பாரில ஊரான்ர வள்ளமெல்லோ நிக்கும்," என்றார்.

நான் விளக்கம் சொல்லவில்லை. அங்கேயே அவர்களை ஒரு படம் எடுத்துச் சுவரில் போட்டேன். எல்லோரும் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு இலக்கத்தைத் தட்டினேன். மண்டபமும் முகங்களும் தூளாகிப் போயின. அதே இலக்கத்தில் கடைசி ஒன்றை மட்டும் மாற்றித் திறந்து காட்டினேன். தூள்தான் வந்தது. பின்னால் இருந்த ஒருவர், "கிட்ட வந்திட்டுது போல, இன்னொருக்காத் தட்டிப் பாருங்கோ," என்றார்.

"இதில கிட்ட எண்டு ஒண்டு இல்லை அண்ணை," என்றேன். "சரி, இல்லாட்டிப் பிழை. அவ்வளவுதான்."

பேராசிரியர்மார் குறைசொல்லும் இந்தப் பூட்டை நான் ஏன் எடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உலகத் தரம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தங்கள் முகம் போனதையும், ஒரு இலக்கம் பிசகினால் திரும்பி வராததையும் அவர்கள் கண்ணாலே கண்டார்கள்.

சம்மாட்டியார் என்னை வடிவாகப் பார்த்தார். "நீ எவடம் பிள்ளை?"

"வங்காலை. மரியாம்பிள்ளையின்ர மகள்."

"அட, அவற்ற மகளோ," என்றார். அதற்குப் பிறகு பேச்சு இலேசாகிவிட்டது.

ஒப்பந்தம் இப்படி: கமராவையும் இடங்காட்டிப் பெட்டியையும் அவர்களே வள்ளத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள், நிலையத்து ஆட்கள் ஏறக் கூடாது. படங்கள் திரையில் வராமலே, எடுத்த இடத்தின் விபரத்தோடு சேர்த்துப் பூட்டப்படும். பூட்டுக்கு இரண்டு பாதி இலக்கம். ஒரு பாதி நிலையத்திடம், மறு பாதி பாரின் சொந்தக்காரரிடம். மீனையும் முருகையையும் எண்ண வேண்டுமென்றால் அவர் வந்து தன் பாதியைத் தட்டித் திறந்து, பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுப் பூட்டிப் போவார். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றாமலே சம்மதித்தார். அப்போது அவருக்கு அந்தப் படங்களால் ஒரு தேவையும் இருக்கவில்லை.

சம்மாட்டியார் தன் பாதியைத் தட்ட வந்த காலைநேரம் ஞாபகம் இருக்கிறது. மறக்காத ஒரு நீட்டு இலக்கமாகப் போடுங்கோ என்று சொல்லிவிட்டு, நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். ஒரு இலக்கம் தட்டுவார், கொஞ்சம் நிற்பார், அடுத்தது தட்டுவார். யன்னல் கண்ணாடியில் அவருடைய உருவம் தெரிந்தது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால் அவருடைய இரண்டு கைகளும் மேசைக்கு மேலே சற்று விரிந்து மடங்கின. எனக்கு உடனே விளங்கியது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலுக்குள் விட்டு, ஏற்றும்போது கைவிரித்து அளப்பார்கள். ஒரு விரிப்பு ஒரு பாகம். மனுசன் கரையிலிருந்து தன் பாருக்குப் போகிற வழியின் ஆழத்தை, பாகம் பாகமாக, கணினிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். அந்த இலக்கத்தைச் சொன்னால் வழியைச் சொன்ன மாதிரி.

"சம்மாட்டியார், உந்த இலக்கத்தை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றேன்.

"கேட்டால் சொல்லாமல் இருக்கேலாது பிள்ளை, மரியாதையில்லை," என்று சிரித்தார்.

கடற்கரையில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கே பட்டது மீன் என்று ஒருவர் கேட்டால், சொல்லமாட்டேன் என்று எங்கள் ஆட்கள் முகத்தில் அடிக்க மாட்டார்கள். உடனே ஒரு இடம் சொல்வார்கள். அது அந்த இடமாக இராது. கேட்டவருக்கும் அது தெரியும், தலையாட்டிவிட்டுப் போவார். இதைப் பொய் என்று எங்கள் ஊரில் ஒருவரும் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை.

பிறகு வெளியாரின் கொம்பனி ஒன்று வந்தது. அரிப்புக் கடலில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும், எந்தத் துண்டு என்று முடிவு பண்ண எங்கள் படங்கள் வேண்டும். நிலையத்துக்குப் புதுக் கணினிகள் அன்பளிப்புச் செய்தார்கள். பழையதைப் பணிப்பாளர் கையெழுத்து வைத்து அகற்றிவிட்டார். சம்பளத்துக்கே திண்டாடிய நிலையம் எங்களுடையது, கொம்பனி வந்தால் எல்லோருக்கும் வேலை நிலைக்கும் என்று அவர் நம்பினார். அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் குத்தகை வந்தால் வேலி வரும், வேலி வந்தால் சம்மாட்டியாரின் வள்ளங்கள் கரையில் காயும். அவரை நம்பி இருந்த வீடுகளிலும் உலை ஏறாது.

கோப்பை என் பக்கம் நகர்ந்தது. "மிஸ் பிலோமினா, அந்தப் படங்களை ஒருக்காத் திறந்து குடுப்பம். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைத்தானே?"

"இருக்குது சேர். அவையளுக்குக் குடுத்த வாக்கு இருக்குது. அதைவிட, மற்றப் பாதி என்னட்ட இல்லை."

"அதை அவரிட்டயே கேப்பம்," என்றார் சாந்தமாக.

சம்மாட்டியாருக்கு ஆள் போனது. வராமல் விட்டால் நாளைக்கு வள்ள அனுமதியில் கைவைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பணிப்பாளர், கொம்பனித் துரை, நான், அவர். புதுக் கணினி மேசையில் இருந்தது. நிலையத்தின் பாதியைப் பணிப்பாளர் தானே தட்டினார். சம்மாட்டியாரின் கோப்பையை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, "ஐயா, உங்கட இலக்கத்தைச் சொல்லுங்கோவன்," என்றார்.

சம்மாட்டியார் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்லத் தொடங்கினார். "ஒண்டு. ஒண்டு. ரெண்டு. மூண்டு. மூண்டு. ரெண்டு. ஒண்டு. ரெண்டு. நாலு..."

ஏழாவது இலக்கத்தில் எனக்கு வழி பிடிபட்டது. கரை ஓரம் ஒன்று, ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, மூன்று. திரும்ப இரண்டு, ஒன்று என்று மணல் திட்டு ஏறும். திட்டைத் தாண்டினால் கடல் இறங்கும். அரிப்பில் அப்படியொரு வழி இல்லை. அது வங்காலையிலிருந்து கடலுக்கு இறங்கும் வழி. அப்பாவின் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் குந்தியிருந்து, அவர் கூப்பிட்டு அளப்பதைக் கேட்டு நான் பாடமாக்கிய வழி. வங்காலையில் பிறந்த எவருக்கும் அது தெரியும், அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பணிப்பாளர் கடைசி இலக்கத்தையும் தட்டினார். திரையில் சாம்பல் தூள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சம்மாட்டியார் இன்னொருதரம் சொன்னார். ஒரு இலக்கம் மாறவில்லை. தூளும் மாறவில்லை. கொம்பனித் துரை பணிப்பாளரைப் பார்த்தார், பணிப்பாளர் என்னைப் பார்த்தார். "போன மாதம் மீன் எண்ணேக்க திறந்ததெல்லோ? ஆர் பிழை?"

சம்மாட்டியார் கோப்பையை மறுபடியும் கையில் எடுத்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும். இந்த இலக்கம் அதுவல்ல என்று சொல்வது உண்மை. அதைச் சொன்னால் என் கணக்குக்கு ஒரு களங்கமும் இல்லை. நான் உயிரைக் கொடுத்துத் திருத்திய வேலை அது. அதைப் பிழை என்று என் வாயாலே சொல்வது எனக்குக் கன்னத்தில் நானே அறைவது மாதிரி. ஆனால் அந்த மனுசன் தன் வீட்டையும் வள்ளங்களையும் என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இது புது மெஷின் சேர்," என்றேன். "கொழும்பில வந்த அதே பிழைதான். தசமப் பிழை."

பணிப்பாளருக்குத் தெரிந்த சொல். தலையாட்டினார். "அப்ப பழைய மெஷின்?"

"நீங்கள் கையெழுத்து வைச்சு அகற்றியாச்சு."

துரை எழும்பிப் போனார். சம்மாட்டியாரையும் அனுப்பிவிட்டு, பணிப்பாளர் என்னை மட்டும் இருத்தினார். கோப்பையை என் பக்கம் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் முட்டாள் இல்லை.

"மிஸ் பிலோமினா, அந்தாள் பொய் சொல்லேல்லைத்தானே?"

"அவர் சொன்னது சரி சேர். என்ர முறைதான் பிழைச்சுப் போச்சு."

"அப்பிடியெண்டால் அதை நான் எழுத வேண்டிவரும். உங்களுக்கு ஆட்சேபணை இல்லைத்தானே?"

"எழுதுங்கோ," என்றேன்.

எழுதினார். கொம்பனி வேறு கடலைப் பார்த்துப் போனது. எனக்கு வரவேண்டிய பதவி வரவில்லை, என்னைப் படப் பிரிவிலிருந்து எடுத்துக் களஞ்சியத்தில் இருத்தினார்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்த சிலரை நிற்பாட்டினார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது, அதை மறைக்க மாட்டேன். திரும்ப அந்த அறையில் இருத்தினால் திரும்பவும் அதையேதான் சொல்லுவேன்.

ஆகவே நிரோஷினி, உமக்குப் பதில் இதுதான். என் கணக்கில் தசமப் பிழை இல்லை. முறை தோற்கவில்லை. ஒரு பூட்டின் வேலை உரிய ஆள் மனம்வைக்கும்வரை திறக்காமல் இருப்பது, பணிப்பாளர் முன்னாலும் கொம்பனித் துரை முன்னாலும் அது அந்த வேலையைச் செய்தது. இதைவிடத் தரமான பூட்டு உங்களிடம் இருந்தால் பாவியுங்கள், சந்தோசம். ஆனால் "இழக்கப்பட்டன" என்று மட்டும் சொல்லாதேயும். படங்கள் இருக்கின்றன. அவை உங்களுடையவை அல்ல, அவ்வளவுதான்.

இதை எழுத முன்னம் சம்மாட்டியாரிடம் கேட்க வேண்டும் என்று போன கிழமை அரிப்புக்குப் போனேன். சோளகக் காற்றில் கடல் கலங்கிக் கிடந்தது, வள்ளங்கள் இறங்கவில்லை. கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஆட்களும் வலையோடு இருந்தார்கள். எழுதப்போறன் என்றேன். "எழுது பிள்ளை, இனி என்ன செய்யப்போகினம்," என்றார்.

எனக்கு ஆசை விடவில்லை. "சம்மாட்டியார், இனியாவது சொல்லுங்கோ. உண்மையான இலக்கம் என்ன?"

பக்கத்தில் இருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஒண்டு. ரெண்டு. நாலு. நாலு. அஞ்சு. பூச்சியம். ஆறு..." என்று கடைசிவரைக்கும் ஒப்புவித்தார்.

அஞ்சு பாகத்துக்கும் ஆறு பாகத்துக்கும் நடுவில் பூச்சியம் வரவேண்டுமானால் வள்ளம் கடலை விட்டுத் தரையில் ஓட வேண்டும்.

"சரியோ பிள்ளை? விளங்கிச்சோ?" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"ஓம் சம்மாட்டியார்," என்றேன். "இதைப் போட்டால் திறக்கும்."